புராஸ்டேட் கேன்சருக்கு ஹார்மோன் ஊசி போடுறவங்க வீட்ல எப்படி சமாளிக்கிறது

எலும்புக்குப் பரவிடுச்சுனு சொல்லி மூணு மாசத்துக்கு ஒரு ஊசினு டாக்டர் எழுதிக் குடுத்தப்ப, எவ்ளோ ஆகும்னுதான் கேட்டேன், உடம்பை என்ன பண்ணும்னு கேக்கவே தோணல. ரெண்டு வருஷம் ஓடிடுச்சு, நோய் எப்படி இருக்குனு காட்டுற ரத்த டெஸ்ட் பிஎஸ்ஏ அடங்கிக் கிடக்கு, மத்ததெல்லாம் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இந்தக் கேன்சருக்குத் தீனி ஆம்பள ஹார்மோன் டெஸ்டோஸ்டீரோன், ஊசி அதை நிறுத்துது. அந்த ஹார்மோன் சுரக்கிற விரையை எடுத்தா நோய் அடங்குதுனு சார்லஸ் ஹக்கின்ஸ்ங்கிற டாக்டர் 1941லயே காட்டிட்டாரு, 1966ல நோபலும் வாங்குனாரு. அந்த ஆபரேஷன் இன்னிக்கும் பண்றாங்க, ஒரே தடவையோட முடிஞ்சுடும், ஊசிக்கு காசு புரட்ட முடியாதவங்க கூச்சப்படாம அதையும் கேளுங்க.

லூப்ரோலைடு, கோசெரலின் மாதிரி ஊசினா முதல் ஒண்ணு ரெண்டு வாரம் ஹார்மோன் குறையாம ஏறும், அதுக்குத்தான் கூடவே பைகாலுடமைடு மாத்திரை தருவாங்க. ஊசி போட்டாச்சே மாத்திரை எதுக்குனு விட்றாதீங்க.

அப்புறம் வரும் பாருங்க அந்த சூடு. நெஞ்சுலேர்ந்து குபுகுபுனு மூஞ்சிக்கு ஏறும், நடுராத்திரி பனியன் தொப்பலா நனைஞ்சுடும், நான் என்னமோ ஏதோனு பதறுனா என் வீட்டுக்காரம்மா சிரிக்கிறாங்க, எனக்கு அம்பது வயசுல இதான் இருந்துச்சு, அப்ப ஃபேனை குறைனு சொன்னீங்களேனு. அவங்க சொல்லிக் குடுத்ததுதான்: தலைமாட்டுல மாத்து பனியனும் துண்டும், ராத்திரி காரக்குழம்பு கிடையாது, காப்பி கொதிக்கக் கொதிக்க வேணாம். அப்பவும் தூங்க முடியலைனா டாக்டர்கிட்ட மருந்து இருக்கு, நாட்டு மருந்துக் கடைப் பொடிய நீங்களா வாங்கித் திங்காதீங்க.

நான் பண்ண பெரிய தப்பு, அசதியா இருக்குனு உக்காந்ததுதான். உக்கார உக்கார அசதி கூடுச்சு, ஆறு மாசத்துல தொடை சூம்பிடுச்சு, தொப்பை முன்னாடி வந்துடுச்சு. ஹார்மோன் இல்லாம சதை கரையும், எலும்பு தேயும், சுகர் கொழுப்பு எல்லாம் ஏறும், நடக்கிறது மட்டும் பத்தாது. இப்ப நாற்காலியில கையை ஊணாம எந்திரிச்சு உக்காருறது பத்து பத்தா மூணு தடவை, ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை ரெண்டு கையிலயும் பிடிச்சுத் தூக்குறது, இதுதான் என் ஜிம். ஆனா முதுகெலும்புலயோ இடுப்புலயோ பரவி இருந்தா எதைத் தூக்கலாம்னு கேக்காம ஆரம்பிக்காதீங்க.

எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன் எனக்கு யாரும் சொல்லல, நானாதான் கேட்டு எடுத்தேன். வைட்டமின் டி, சுகர், கொழுப்பு, பிபி இதையும் கேட்டு வாங்கி பாருங்க. எலும்பு தேயாம இருக்க சோலட்ரானிக் ஊசி போடுறதா இருந்தா அதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட போயி பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிடணும், ஊசிக்கு அப்புறம் பிடுங்குனா தாடை எலும்பு ஆறாம போயிடலாம்.

ஊசியோட சேத்து ஹார்மோனை இன்னும் அடக்கத் தர்ற அபிரட்டரோன் மாத்திரை போடுறவங்களுக்கு நம்ம ஊரு பால் காப்பிதான் சிக்கல். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வெறும் தண்ணியில போட்டுட்டு அடுத்த ஒரு மணி நேரம் எதுவும் தொடக்கூடாது, சாப்பாட்டோட போட்டா மருந்து ரத்தத்துல பல மடங்கு ஏறிடும். நான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு போட்டுட்டு ஆறரைக்கு காப்பி குடிக்கிறேன். கூட தர்ற ஸ்டீராய்டு மாத்திரைய மட்டும் சாப்பிட்டுட்டு போடணும், அதை திடீர்னு நிறுத்தவே கூடாது.

தாம்பத்தியம் பத்தி யாரும் வாய் திறக்க மாட்டாங்க. ஆசையே அத்துப் போயிடும், மருந்துதான் காரணம். நான் சொல்லாம ஒதுங்கிப் படுத்தேன், அவங்க நான் ஏதோ கோவத்துல இருக்கேன்னு மூணு மாசம் நெனச்சுட்டு இருந்திருக்காங்க. முதல் ஊசிக்கே வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டரே சொல்லட்டும். சும்மா கண்ணு கலங்குறது, எரிஞ்சு விழுறது இதையும் அப்பவே கேட்டுக்கலாம்.

புதுசா முதுகுவலி வந்து கூடவே காலு மரத்துப் போகுது, தடுமாறுது, இல்ல ஒண்ணுக்கு வரமாட்டேங்குதுனா அடுத்த ஊசி வரைக்கும் பாப்போம்னு இருக்காதீங்க, தண்டுவடம் நசுங்கினா மணிக்கணக்குதான் நேரம், ராத்திரியானாலும் அப்பவே கேஷுவால்டிக்கு போயிடுங்க, பழைய ஸ்கேன் ஃபைலையும் கையோட எடுத்துட்டு.