வாரம் அரை மணி நேரம்: உங்கள் தெருவில் வண்ணத்துப்பூச்சி எண்ணத் தொடங்குவது எப்படி?

கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழுவைப் பார்த்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? கிளையோடு ஒடித்துத் தெருவில் எறிவோம், இல்லையென்றால் மருந்தடிப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் புழுதான் சில வாரங்களில் 'கறிவேப்பிலை அழகி' ஆகி மல்லிகைப் பந்தல் மேல் பறக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கை நின்றது. வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தொண்டு செய்ய மலையேற வேண்டாம், வலையும் வாங்க வேண்டாம். ஒரு நோட்டும் கேமரா உள்ள ஒரு போனும் போதும்.

படி 1: ஒரு தடத்தைப் பிடியுங்கள்

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அரை கிலோமீட்டர் பாதை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பூங்காவை விட வாய்க்கால் ஓரம், குளக்கரை, வேலியோரப் புதர் நல்லது. அழகாக வெட்டிவிட்ட புல்தரையில் ஒன்றும் கிடைக்காது. ஒரு முறை முடிவு செய்த பாதையை மாற்றவே கூடாது. 'அங்கே நிறைய இருக்கிறதாமே' என்று இடம் மாறினால், போன வருடத்தோடு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

படி 2: நடந்துகொண்டே எண்ணுங்கள்

காலை 9 முதல் 11 மணி வரை நல்ல நேரம். வெயில் ஏறி இறக்கை சூடானால்தான் அவை பறக்கும். மெதுவாக, ஒரே வேகத்தில் நடங்கள். இரு பக்கமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டர். இந்தக் கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ணுங்கள். முதுகுக்குப் பின்னால் பறப்பது கணக்கில் இல்லை. பிரிட்டனில் 1976 முதல் இதே முறையில் தன்னார்வலர்கள் வாராவாரம் எண்ணி வருகிறார்கள். எந்த இனம் குறைகிறது என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடிவது அதனால்தான்.

நோட்டில் தேதி, நேரம், வெயிலா மேகமா, பெயர், எண்ணிக்கை. பெயர் தெரியாவிட்டால் 'சின்ன மஞ்சள் - 4' என்று எழுதுங்கள். ஒன்றுமே வராத நாளிலும் 'பூஜ்ஜியம்' என்று எழுத மறக்காதீர்கள். புதியவர்கள் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான்.

படி 3: பத்துப் பெயர் போதும்

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியான 'தமிழ் மறவன்' மலைக்காட்டுவாசி. அதைத் தெருவில் தேடி ஏமாறாதீர்கள். நம் பக்கம் வெந்தய வரியன், எலுமிச்சை அழகி, கொன்னை வெள்ளையன், சிவப்புடல் அழகி என்று தொடங்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. என் நோட்டில் முதல் இரண்டு மாதமும் சிவப்புடல் அழகி குவிந்து கிடந்தது. பெருமையாகப் படத்தை, உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால், பாதி தப்பு! கறிவேப்பிலை அழகியின் பெண்ணில் ஒரு வகை, சிவப்புடல் அழகியைப் போலவே வேடமிட்டுத் திரிகிறது. சிவப்புடல் அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்வது. பெயரே சொல்கிறதே, ஆடு கூடத் தொடாத செடி. அந்த நஞ்சு வளர்ந்த பூச்சியின் உடலிலும் தங்குவதால் பறவைகள் அதை ஒதுக்கும். நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி அதன் உடுப்பை மட்டும் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. இறக்கையைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள், உடம்பைப் பாருங்கள். உடம்பு சிவப்பென்றால் அசல், கருப்பென்றால் வேடதாரி. பழைய பக்கங்களை நான் அடித்துத் திருத்தவில்லை. எது எது என்று இப்போது எப்படித் தெரியும்? ஓரத்தில் 'சந்தேகம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

படி 4: இரவில் ஒரு வெள்ளை வேட்டி

விட்டில் பூச்சிகளை அதிகம் பேர் எண்ணுவதில்லை; இனங்களோ வண்ணத்துப்பூச்சியைவிடப் பல மடங்கு அதிகம். அமாவாசையை ஒட்டிய இரவில் மொட்டைமாடிக் கொடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் ஒரு விளக்கைப் போடுங்கள். 7 மணியிலிருந்து வந்து உட்காரும். படம் எடுங்கள், தொடாதீர்கள். 10 மணிக்கு விளக்கை அணைத்து, வேட்டியை மெல்ல உதறிவிடுங்கள். விடியும்வரை விட்டால் பல்லிக்கும் காகத்துக்கும் பந்தி வைத்ததாகிவிடும். நந்தியாவட்டை இருக்கும் வீடென்றால், பச்சைப் பளிங்கு போன்ற ஒரு பெரிய விட்டில் வரலாம். அதன் புழுவுக்கு அந்த இலைதான் சாப்பாடு.

படி 5: செடியைக் காப்பாற்றுங்கள்

எண்ணுவது பாதி வேலைதான். பூச்சி பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும், ஆனால் முட்டையைத் தன் புழு தின்னும் செடியில்தான் இடும். வெந்தய வரியனுக்கு எருக்கு, கொன்னை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை, எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் நாரத்தையும். நர்சரியில் 'பட்டாம்பூச்சிச் செடி' என்று கொடுக்கும் உன்னிச்செடியில் தேன் உண்டு, முட்டைக்கு உதவாது. அது நம் காடுகளை ஏற்கனவே தின்றுகொண்டிருக்கிற செடி, வாங்காதீர்கள்.

நட வேண்டியது ஒரு பங்கு என்றால், வெட்டாமல் விட வைப்பது மூன்று பங்கு. நம் ஊரில் 'சுத்தம் செய்தல்' என்றாலே முதல் வெட்டு எருக்குக்குத்தான். துப்புரவுக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். சட்டம் பேசாதீர்கள், இலையைத் திருப்பிக் காட்டுங்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழுவை ஒரு முறை பார்த்தவர் அரிவாளைச் சற்று யோசித்துத்தான் ஓங்குவார். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குளக்கரையில் எருக்கை வெட்ட வந்தவரிடம் "நாலு செடிய மட்டும் விட்ருங்கண்ணா" என்று கேட்டேன். மூன்றை விட்டார். பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தால், மூன்றிலும் ஒரு பூ இல்லை. எல்லாம் மாலைக்குப் போய்விட்டது. இலையை யாரும் தொடவில்லை. அடிப்பக்கத்தில் ஐந்து புழுக்கள், நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தன.