பினாங்கு ஜார்ஜ்டவுன் மொட்டைமாடி பாருக்கு போறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

போன வருஷம் என் சித்தப்பா பையன் பொண்டாட்டியோட கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்து வந்தான். "அண்ணே, கடலுக்குள்ள சூரியன் எறங்குறத பாக்கணும், நானே டேபிள் புக் பண்ணிட்டேன்"னு பெருமையா சொன்னான், நான் வாயே தொறக்கல. கடலப் பாத்த மாதிரி நல்ல ஓரத்து டேபிள்தான். ரெண்டு பேரும் ஆறே முக்காலுக்கு உக்காந்து ஏழேகால் வரைக்கும் போன தூக்கிப் புடிச்சிக்கிட்டு கடலையே பாத்துக்கிட்டு இருக்காங்க, சூரியன் இவங்க முதுகுக்கு பின்னால கொடிமலைக்கு அந்தாண்ட போயே போயிருச்சு.

பினாங்கு மலேசியாவோட மேற்குக் கரையில இருக்கிற தீவு, அதனால சூரியன் கடல்லதான் விழும்னு எல்லாரும் நெனச்சிக்கிறாங்க. ஆனா ஜார்ஜ்டவுன் இருக்கிறது தீவோட வடகிழக்கு மூலையில. எதிர்ல தெரியிற கடலுக்கு அந்தப்பக்கம் பட்டர்வொர்த், அது கிழக்கு. மேற்குல 833 மீட்டர் உயரத்துல கொடிமலை நிக்குது, அதனால கணக்குப்படி சூரியன் மறையிற நேரத்துக்கு முன்னாடியே டவுனுக்கு வெயில் போயிரும். புக் பண்றப்பவே மலைப்பக்கம் பாத்த டேபிளா குடுங்கன்னு கேளுங்க. செவந்த வானமும் அதுக்கு முன்னால கறுத்துப்போன மலையும் அந்தப்பக்கம்தான், கடல்பக்கம் உக்காந்தவங்க கடைசியில எப்படியும் கழுத்த திருப்பிக்கிட்டுதான் இருப்பாங்க.

அடுத்தது நேரம். இது தமிழ்நாட்டுல இருந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு. ஆறரைக்கு இருட்டிரும்னு நெனச்சி அஞ்சரைக்கே மேல ஏறிருவாங்க, இங்க அப்ப வெயில் மண்டையப் பொளக்கும். 1982 ஜனவரி 1ந்தேதி தீபகற்ப மலேசியாவுல கடிகாரத்த அரைமணி நேரம் முன்னால தள்ளி போர்னியோ தீவுல இருக்கிற சபா, சரவாக் மாநிலங்களோட ஒண்ணாக்கினாங்க, அதனால பினாங்குல சூரியன் மறையிறதுக்கு மாசத்தப் பொறுத்து ஏழுல இருந்து ஏழு நாப்பது வரைக்கும் ஆகும். ஆறே முக்கால் வாக்குல போனா போதும். முக்கியமா சூரியன் போன ஒடனே பில்லு கேட்டு எந்திரிக்காதீங்க, அதுக்கப்புறம் வர்ற இருபது நிமிஷம்தான் வானம் நீலமாவும் கீழ வெளக்கு மஞ்சளாவும் இருக்கும், போட்டோ எடுக்கிறதா இருந்தா அப்ப எடுங்க, ஃபிளாஷ் வேணாம், போன செவுத்து மேல சாச்சி வச்சா போதும்.

பெரிய தப்பு எதுன்னு கேட்டா, எவ்ளோ உயரமோ அவ்ளோ நல்லாருக்கும்னு நெனைக்கிறது. கேஎல்ல அது சரி, அங்க பாக்க வேண்டியதே கோபுரங்கதான். இங்க கொம்தார் கோபுரத்துல 68வது மாடிக்கு போய் கண்ணாடித் தரையில நின்னா பாலம், கப்பல், பக்கத்து மாநிலம் கெடான்னு எல்லாம் தெரியும், ஆனா பழைய டவுன் மேப்பு மாதிரி தட்டையாயிரும். 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்த எடம் இது, அந்தப் பகுதிக்குள்ள புதுக்கட்டடம் 18 மீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கு. கோட்டை பக்கத்துல இருக்கே மணிக்கூண்டு, விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து 60 வருஷம் ஆனதுக்காக 60 அடியில கட்டுனது, அதுவும் கணக்கு போட்டா 18 மீட்டர் சொச்சம்தான். அதாவது மணிக்கூண்டு ஒசரத்துல உக்காந்து பாக்குற ஊரு இது. நாலாவது அஞ்சாவது மாடின்னா செவப்பு ஓடு வரிசை வரிசையா கண்ணுக்கு நேரா வரும், ஓட்டுக்கு நடுவுல காத்துக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட முற்றத்து ஓட்டை தெரியும், யாரோ மேல காயப்போட்ட கைலி தெரியும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் மினாரும் மாரியம்மன் கோயில் கோபுரமும் ஒரே பார்வையில கெடைக்கும். மக்ரிப் பாங்கு (அந்தித் தொழுகை அழைப்பு) சொல்றப்ப பாட்டு சத்தத்த கொறைக்கிற எடமா இருந்தா இன்னும் நல்லது.

ஆனா ஒண்ணு, விஜயதசமி அன்னிக்கி மாரியம்மன் தேர் லிட்டில் இந்தியாவ சுத்தி வரும்ல, ஒரு தடவ அத மேல இருந்து பாக்கலாம்னு அம்மாவ கூட்டிட்டு போயிட்டேன். தேர் வெளக்கு தெருமுனையில தெரிஞ்சதும் அம்மா கிளாஸ அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிட்டாங்க, "சாமி கீழ வர்றப்ப நீ தலைக்கு மேல நிப்பியாடா"ன்னு ஒரே அதட்டல், ஆர்டர் பண்ண சாப்பாடு வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் ரோட்டுல நின்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தோம். தேர் நாள்ல பெரியவங்கள மேல கூட்டிட்டு போகாதீங்க, அவ்ளோதான்.

மழ சொல்லிட்டு வராது. செப்டம்பர் அக்டோபர்ல போறதா இருந்தா கூரை இருக்கான்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க. ஸ்வெட்டன்ஹாம் பியர்ல சுற்றுலாக் கப்பல் நிக்குதான்னும் பாத்துக்கங்க, பெரிய கப்பல் வந்துச்சுன்னா கடலுக்கு பதிலா ஃபிளாட்டு பாத்த மாதிரி இருக்கும். சிலிப்பர் போட்டுட்டு போனா சில எடத்துல லிஃப்டுகிட்டயே திருப்பி அனுப்பிருவாங்க, என்னையும் ஒரு தடவ அனுப்பிருக்காங்க.

மெனுவுல வெலைக்கு பக்கத்துல பிளஸ் பிளஸ்னு பொடியா போட்டிருந்தா அத விட்டுட்டு கணக்கு போடாதீங்க, சர்வீஸ் சார்ஜ் 10, சாப்பாட்டுக்கு சேவை வரி 6, ஆக 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) சாப்பிட்டா 116 வெள்ளி. தம்பி தங்கச்சிங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு, 2017 டிசம்பர்ல இருந்து 21 வயசு ஆகாதவங்களுக்கு மதுபானம் விக்கக்கூடாது, ஐசி (அடையாள அட்டை) கேப்பாங்க. அப்புறம் ஒரே ஒரு பீருதானேன்னு கார் சாவிய எடுக்காதீங்க, 2020ல சட்டத்த இறுக்கிட்டாங்க, 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம்னு இருந்த அளவு இப்ப 50தான், கிராப் வாடகைக் கார் கூப்பிட்டுட்டு வீட்டுக்கு போங்க.

சித்தப்பா பையன் கதைக்கு வர்றேன். மூஞ்ச தொங்கப்போட்டுக்கிட்டு இருந்தானா, மறுநாள் காலையில ஆறே முக்காலுக்கு போன் பண்ணி எழுப்பி அவன் தங்கியிருந்த ஹோட்டல் மொட்டைமாடிக்கே வரச்சொன்னேன். வழியில மாமாக் கடையில (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மூணு தே தாரேக், அதான் ஆத்துன பால் டீ, பொட்டலம் கட்டிட்டு போயிருந்தேன். ஏழேகால் இருக்கும், பட்டர்வொர்த் கிரேனுக்கு பின்னாலருந்து செவப்பா எந்திரிச்சி கடல் முழுக்க ஒரு கோடு போட்டுச்சு, ஃபெரி ஒண்ணு அந்தக் கோட்ட குறுக்க வெட்டிட்டு வந்துச்சு. அவன் பொண்டாட்டி வீடியோ எடுத்து குடும்ப குரூப்புல போட்டுச்சு, கீழ "பினாங்கு சன்செட்"னு.