மார்கழிக்கு எடுத்துவைக்கும் பிளம்ஸ் சாஸ்

மே, ஜூன் மாதங்களில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து இறங்கும் பிளம்ஸ் பழத்தை வாங்கிச் சாஸாகக் காய்ச்சி அடைத்துவைத்தால், மார்கழிப் பனியில் சந்தகைக்கும் கம்பு தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். ஜாமைவிடப் புளிப்பும் காரமும் கலந்த சாஸே நம் சாப்பாட்டோடு ஒத்துப்போகிறது.

ஒரு கிலோ பழத்தில் கால் பங்கு செங்காயாக இருப்பது நல்லது. சாஸைக் கெட்டிப்படுத்தும் பெக்டின் அதில்தான் அதிகம். தோலோடு, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் குழைய வேகவைத்து, கொட்டையை உடைக்காமல் சல்லடையில் தேய்த்து எடுங்கள். பித்தளையும் இரும்பும் புளிப்போடு சேர்ந்து சுவையைக் கெடுத்துவிடும். விழுதோடு 300 கிராம் சர்க்கரை, 100 மில்லி வினிகர், ஒரு தேக்கரண்டி உப்பு, துருவிய இஞ்சி சிறிது, நான்கு வரமிளகாயின் பொடி ஆகியவற்றைச் சேர்த்துச் சிறுதீயில் கிளறுங்கள். சர்க்கரையில் பாதியைக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையாகப் போடலாம். முழுவதும் அதுவேயானால் பழத்தின் சிவப்பு மறைந்து கருத்துவிடும். கெட்டிப்படும் நேரத்தில் சாஸ் கைமீது தெறிக்கும் என்பதால் நீளக் கரண்டியே ஏற்றது. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு நடுவே கோடு இழுக்கும்போது, கோடு மூடாமலும் ஓரத்தில் நீர் பிரியாமலும் நின்றால் பதம் சரி.

பத்து நிமிடம் கொதிநீரில் கிடந்த சிறு கண்ணாடிப் புட்டிகளில், சூடு ஆறுமுன், மேலே கால் அங்குலம் விட்டு நிரப்பி, விளிம்பைத் துடைத்துப் புது மூடி போடுங்கள். பழைய மூடியின் ரப்பர் காற்றைத் தடுக்காது. பிறகு புட்டிகள் மூழ்கும் அளவு நீரில் 25 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கடல்மட்டத்தில் 20 நிமிடம் போதும். கோவை 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே நீர் நூறு டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடுகிறது, அதனால்தான் இந்தக் கூடுதல் நேரம். ஆறிய மறுநாள் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கியிருக்க வேண்டும். அழுத்தினால் 'டக்'கென்று எழும்பும் புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து முதலில் தீர்த்துவிடுங்கள். மற்றவற்றை வெயில் படாத அலமாரியில் வைக்கலாம். திறக்கும்போது நுரையோ புளித்த வாடையோ இருந்தால் ருசிபார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

எண்ணெயில் கடுகும் பூண்டும் தாளித்துச் சேர்க்க விரும்பினால், அதைப் புட்டியில் அடைக்கும்போது செய்யாமல், பரிமாறும் அன்று தேவையான அளவைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அதன்மேல் தாளித்துக் கொட்டுங்கள்.