தெருப் புகைப்படம்: ஓர் ஊரின் முகத்தையும் மனிதர்களையும் படம்பிடிப்பது எப்படி?

நெரிசலான ஒரு பேருந்து நிறுத்தத்தில், பாட்டி ஒருவர் தரையில் மண்டியிட்டுப் பேத்தியின் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். குழந்தை தடுமாறாமல் இருக்கத் தன் உள்ளங்கையைப் பாட்டியின் தலையில் ஊன்றியிருந்தது. நான் கேமராவை உயர்த்தினேன். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னுமாகத் தேடிவிட்டு, பின்னால் இருந்த விளம்பரப் பலகையில் போய் நின்றது. பலகையின் எழுத்துகள் கூர்மையாகவும் அந்தச் சின்னக் கை மங்கலாகவும் பதிந்த அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அதன் பிறகு பல மாதங்கள் தெருவில் நின்று எனக்குக் கைவந்த முறையை இங்கே எழுதுகிறேன். அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரே ஒரு லென்ஸ்

ஜூம் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவானால் (படம் பதியும் சென்சார் 35 மிமீ ஃபிலிம் சட்டத்தின் அளவில் இருப்பது) 35 மிமீ, அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவானால் ஏறத்தாழ அதே கோணத்தைத் தரும் 23 மிமீ போதும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மிமீ லென்ஸைத்தான் பயன்படுத்தினார் என்றாலும், மனிதரைச் சுற்றியுள்ள சுவரும் படிக்கட்டும் உடன் நிற்பவர்களும் படச் சட்டத்துக்குள் (ஃப்ரேம்) வந்தால்தான் ஊரின் தன்மை தெரியும் என்பதால் நான் 35 மிமீ லென்ஸையே பரிந்துரைப்பேன்.

படி 2: வெளியே இறங்கும் முன் அமைப்புகள்

அபெர்ச்சர் எஃப் 8, ஷட்டர் குறைந்தது 1/250 வினாடி, ஐஎஸ்ஓ தானியங்கி, உச்ச வரம்பு 6400. சாதாரணமாக நடப்பவர் ஒரு வினாடியில் ஏறத்தாழ 1.4 மீட்டர் கடக்கிறார். 1/60 வினாடிக்குள் அவர் இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடுவார். ஐஎஸ்ஓ உயர்வதால் படத்தில் புள்ளிகள் தெரிவதை ஏற்றுக்கொள்ளலாம். முகம் இழுபட்டுப்போனால் அந்தப் படத்தால் பயனில்லை.

படி 3: ஃபோகஸை முன்கூட்டியே வைத்துக்கொள்வது

நான் நெடுநாள் சறுக்கிய இடம் இது. ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, லென்ஸை 2.5 மீட்டரில் நிறுத்துங்கள். ஃபுல் ஃப்ரேமில், 35 மிமீ லென்ஸில், எஃப் 8 அபெர்ச்சரில் ஏறத்தாழ 1.7 மீட்டர் முதல் 4.9 மீட்டர் வரை உள்ள அனைத்தும் போதிய கூர்மையுடன் பதியும். அந்த எல்லைக்குள் யார் வந்தாலும் பொத்தானை அழுத்துவது மட்டுமே உங்கள் வேலை.

கணக்கு எனக்குப் புரிந்திருந்தது; தெருவில் நிற்கும்போது 2.5 மீட்டர் எது என்பதுதான் பிடிபடவில்லை. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரே அளவுகோலாக இருக்கிறது என்பதைப் பின்னர்தான் கண்டுகொண்டேன். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்தால், 2.5 மீட்டர் தொலைவில் சட்டத்தின் உயரம் ஏறத்தாழ 1.7 மீட்டர், அதாவது சராசரியாக ஒரு மனிதரின் உயரம். தலை முதல் பாதம் வரை ஒருவர் சட்டத்தை நிறைத்தால், அவர் சரியான தொலைவில் இருக்கிறார். தலை மேல்விளிம்பைத் தொட்டு, முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டால், அருகெல்லையைத் தொட்டுவிட்டார். சட்டத்தில் பாதி உயரம்தான் இருக்கிறார் என்றால் தொலையெல்லைக்குப் போய்விட்டார். வீட்டில் டேப்பால் அளந்து தரையில் குறியிட்டு, யாரையாவது நிற்கவைத்து ஒரு வாரம் பழகுங்கள். அதன் பிறகு கேமராவை உயர்த்தும் முன்பே தொலைவு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மாலையில் வெளிச்சம் குறைந்து அபெர்ச்சரை எஃப் 4 வரை திறந்தால், இந்த எல்லை 2 மீட்டருக்கும் 3.3 மீட்டருக்கும் இடையில் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் நானே ஆட்டோஃபோகஸுக்குத் திரும்பிவிடுகிறேன்.

பின்சேர்க்கை: இம்முறையைப் பின்பற்றியும் எல்லாப் படங்களும் மங்கலாக வந்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். பல மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் மின்னணு முறையில் இயங்குவதால், கேமரா அணைந்து விழித்ததும் வைத்த தொலைவு மறைந்துபோகிறது. மெனுவில் அதை நினைவில் வைக்கும் வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லையெனில் ஒவ்வொரு முறையும் 2.5 மீட்டரில் உள்ள ஒரு பொருளில் ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். கைபேசியில் எடுப்பவர்களுக்கு இந்தப் படியே தேவையில்லை. சென்சார் மிகச் சிறியது என்பதால் பெரும்பாலும் எல்லாமே கூர்மையாகத்தான் இருக்கும்.

படி 4: நடப்பதைக் குறைத்து நில்லுங்கள்

நல்ல வெளிச்சம் விழும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, சட்டத்தை முடிவுசெய்துவிட்டு, மனிதர்கள் அதற்குள் வரும்வரை காத்திருங்கள். மூடியிருந்த ஒரு கடையின் கண்ணாடிக்கு எதிரே நான் ஒரு மணி நேரம் நின்றேன். ஒருவர் காலரைச் சரிசெய்துகொண்டார். ஒரு பெண் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினார். ஓர் இளைஞர் ஹெல்மெட்டைக் கழற்றி, தலைமுடியை அழுத்தி விட்டுக்கொண்டு, ஒரு நொடி தன்னையே பார்த்துவிட்டு நகர்ந்தார். அதே இடத்துக்குக் காலையிலும் உச்சிவேளையிலும் மழையிலும் திரும்பத் திரும்பப் போங்கள். மக்கள் எதைச் சுமக்கிறார்கள், எப்படிக் காத்திருக்கிறார்கள், நிழலை எங்கே தேடுகிறார்கள் என்பவற்றிலிருந்தே ஊர் தெரியவரும்.

படி 5: மனிதர்களிடம் நடந்துகொள்வது

ஒளிந்து எடுக்காதீர்கள், தொலைவிலிருந்து நீண்ட லென்ஸால் எடுப்பதை நான் ஏற்பதில்லை. எடுக்கப்படுபவர் உங்களைப் பார்த்துவிட்டால் புன்னகைத்து, கேட்டால் படத்தைக் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அவர் கண்ணெதிரிலேயே அழியுங்கள். துயரத்தில் இருப்பவர்களையும் தெருவில் உறங்குபவர்களையும் நான் எடுப்பதில்லை. குழந்தைகள் இருக்கும் படமென்றால் உடனிருப்பவரிடம் கேட்ட பிறகே வெளியிடுகிறேன். எடுப்பதும் வெளியிடுவதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. எடுத்துக்காட்டாக, ஜெர்மனியில் ஒருவரின் படத்தை வெளியிட, சில விலக்குகள் தவிர, அவருடைய ஒப்புதல் தேவை என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நீங்கள் இருக்கும் நாட்டின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 6: தேர்ந்தெடுத்தல்

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காதீர்கள். காத்திருந்த களைப்பும் கிடைத்த மகிழ்ச்சியும் படத்தின் மதிப்பைக் கூட்டிக்காட்டும். 1984இல் அமெரிக்கத் தெருப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் மறைந்தபோது, அவர் எடுத்து டெவலப் செய்யாமல் விட்ட ஃபிலிம் சுருள்கள் ஏறத்தாழ 2,500 இருந்தன. அவ்வளவு தள்ளிப்போட வேண்டாம், இரண்டு வாரம் போதும். பிறகு சிறிய அளவில் அச்சிட்டு மேசையில் பரப்பி, இதே படத்தை வேறு ஊரிலும் எடுத்திருக்க முடியுமா என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். முடியும் என்று தோன்றுபவற்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதமுள்ளவற்றில் எந்தத் தெரு, எந்த நேரம் குறைகிறது என்று பார்த்து, அடுத்த முறை அங்கே போய் நில்லுங்கள்.