பிரம்மகமலம்: இலைத்துண்டிலிருந்து இரவுப் பூ வரை

நர்சரிகளில் பிரம்மகமலம், நிஷாகந்தி என்றெல்லாம் விற்கும் செடி, மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளைத் தொற்றி வளரும் கள்ளி. கள்ளிதானே என்று மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் கெட்டுவிடும். மரநிழல் வெளிச்சமும் காற்றோட்டமான மண்ணும்தான் இதன் தேவை.

முற்றிய இலையை (உண்மையில் அது தட்டையான தண்டு) 15–20 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, நிழலில் ஒரு வாரம் உலர விடுங்கள். வெட்டுவாய் காயாமல் நட்டால் அழுகும். தேங்காய் நார்க்கழிவு 2 பங்கு, ஆற்றுமணல் 1, மண்புழு உரம் 1 கலந்து, 6 அங்குலத் தொட்டியில் 5 செ.மீ. ஆழத்தில், அடிப்பக்கம் கீழே வரும்படி ஊன்றி, குச்சியோடு கட்டுங்கள். பெரிய தொட்டி வேண்டாம். ஈரம் தேங்கி வேர் அழுகும். மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர்.

காலை வெயில் இரண்டு மணி நேரம் போதும். உச்சி வெயில் பட்டால் இலை மஞ்சளாகும். வெளிச்சமே இல்லாவிட்டால் மெலிந்த தளிராக நீளும், பூக்காது. சாட்டைபோல் உருண்டு உயரும் தண்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அதிலிருந்துதான் புது இலைகள் வரும். மாவுப்பூச்சிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

பூக்கப் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். யூரியா போட்டால் இலைதான் பெருகும்; மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கூடிய உரமே நல்லது.

இலை விளிம்பின் பள்ளத்தில் சிவந்த முனை தெரிந்தால் கவனியுங்கள்: தட்டையாக நீண்டால் தளிர், உருண்டு திரண்டால் மொட்டு. மொட்டு வந்தபின் தொட்டியை இடம் மாற்றுவதும் மண்ணை வறளவிடுவதும் கூடாது. மொட்டு உதிர்வதற்குப் பெரும்பாலும் இவைதாம் காரணம். சில வாரங்களில் தொங்கும் காம்பு தூண்டில் முள்போல் வளைந்து, மொட்டின் நுனி மேலே நிமிரும். மொட்டு உப்பி, வெளியிலுள்ள செவ்விதழ்கள் மாலையில் விலகத் தொடங்கினால் அன்றிரவே மலரும். எட்டு, ஒன்பது மணிக்கு விரியத் தொடங்கும். முழு விரிவையும் மணத்தையும் அனுபவிக்க நள்ளிரவுவரை கண் விழியுங்கள், அத்தனை அழகு! விடிந்தால் துவண்டுவிடும்.

வாடிய பூவை மட்டும் கிள்ளிவிடுங்கள். இலையை வெட்ட வேண்டாம். மற்றப் பள்ளங்களில் இன்னும் மொட்டு வரும்.