காலப்பயண ஒலிநாடகத்துக்கு மதிப்பெண் போடும் முன்

சென்ற மாதம் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற அறையில் நான்கு இளையர்களோடு உட்கார்ந்து, போட்டிக்கு வந்த ஒலிநாடகங்களைக் கேட்டேன். எல்லாமே அறிவியல் புனைகதை, எல்லாமே காலப்பயணம். மதிப்பீடு செய்வது அவர்களுக்கு அதுதான் முதல் முறை. கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனாலும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த அதே தவறுகளை என் கண்முன்னாலேயே வரிசையாகச் செய்தார்கள். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

உச்சரிப்பு, நடிப்பு, ஒலிப்பதிவில் இரைச்சல் ஆகியவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது

நான்கு பேரும் முதலில் செய்தது இதுதான். பிரதியைப் பிரித்தார்கள், பேனாவைத் திறந்தார்கள், அப்புறம்தான் நாடகத்தை ஓடவிட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய வலி திரும்பியது.

நான் மதிப்பிட்ட முதல் போட்டியில் ஒரு நாடகம். பேத்தி தன் தாத்தாவைத் தேடி ஜப்பானியர் ஆட்சிக் காலத்துக்குப் போகிறாள். பிரதியில் "காட்சி 4, 1943, சிராங்கூன் சாலை" என்று தடித்த எழுத்தில் இருந்தது. கண் படித்துவிட்டது, காது உறங்கிவிட்டது. அந்தக் காட்சிக்கு அள்ளிக் கொடுத்தேன், நாடகத்துக்கு முதல் பரிசு. பரிசளிப்பு நாளில் விளக்கை அணைத்துவிட்டு அதைப் போட்டார்கள். பக்கத்தில் இருந்த பாட்டி, அந்தக் காலத்தில் வாழ்ந்தவர், என் கையைத் தொட்டு, "இது யாரு வீட்டுல நடக்குதும்மா?" என்று கேட்டார். ஒலிநாடகத்தில் திரையில் ஆண்டு தெரியாது. நாங்கள் 1943க்குப் போய்விட்டோம் என்பது அந்தக் கூடத்தில் பிரதியைப் படித்தவர்களுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

இதைவிடக் கொடுமை அதே போட்டியில் நான் ஒதுக்கிய இன்னொரு நாடகம். தாளில் பார்த்தால் ஒரே உரையாடல் இரண்டு இடங்களில், வரி மாறாமல் வந்தது. ஓரத்தில் "கூறியது கூறல்" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். பல மாதங்கள் கழித்து, ஒரு மழைநாளில் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டேன். முதல் முறை அந்தப் பேச்சு மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வருகிறது, மங்கலாக. நாயகி கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்கிறாள். இரண்டாம் முறை அதே சொற்கள், ஆனால் நாம் அறைக்குள்ளே இருக்கிறோம். மூச்சு கேட்கிறது, பலகைத் தரை முனகுகிறது. பேசுகிறவள் வயதான அவளே. கதவுக்கு வெளியே ஓர் ஆள் நிற்கும் சத்தமும் லேசாகக் கேட்கிறது. கதையின் காலச்சுழல் முழுவதும் அந்த ஒரு கதவில் இருந்தது. எழுதியவர் ஒரு தொடக்கக் கல்லூரி மாணவி. அடுத்த ஆண்டு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை, அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் முதல் முறை தாள் இல்லாமல், நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று குறிப்புகள் போதும்: இது எந்தக் காலம், யார் இருக்கிறார்கள், அது எனக்கு எப்படித் தெரிந்தது. மூன்றாவதுதான் முக்கியம். அடுக்குமாடி வீட்டின் சிமெண்ட் அறையில் குரல் ஒரு மாதிரி எதிரொலிக்கும், கடைவீட்டு மாடியின் பலகைத் தரைமேல் வேறு மாதிரி. கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் நடக்கும் செருப்புச் சத்தமே தனி. நல்ல நாடகம் இப்படித்தான் ஆண்டைச் சொல்லும். பிரதியை அப்புறம் படியுங்கள்.

சரிபார்க்காமல் "பிழை" என்று எழுதுவது

ஒரு நாடகத்தில் நாயகி இன்றைய சிங்கப்பூரிலிருந்து 1975க்குப் போகிறாள். வானொலி அறிவிப்பாளர் "மணி ஏழு" என்கிறார். அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஏழரை காட்டுதே" என்கிறாள். நால்வரில் ஒருவர் "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டார். அது கவனக்குறைவு இல்லை, தேர்ந்த வேலை. 1982 பிறந்தபோதுதான் நம் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதற்கு முன் நம் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னே இருந்தது. ஒரு வரி வசனத்தில் அந்த எழுத்தாளர் ஆண்டையே உணர்த்தியிருக்கிறார்.

அதே ஆள், இன்னொரு நாடகத்தில் 1943இல் காலை ஏழு மணிக்குப் பளீரென்று வெயில் அடித்ததைக் கண்டுகொள்ளவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் இங்கே தோக்கியோ நேரம்தான், இன்றைய நேரத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதல். சூரியன் உதிக்கவே கிட்டத்தட்ட எட்டு மணி ஆகும். ஏழு மணிக்கு இருட்டில் சேவல் கூவியிருக்க வேண்டும்.

டிராம் மணியும் அப்படித்தான். மின்சார டிராம்கள் 1927இலேயே நின்றுவிட்டன. 1935ஆம் ஆண்டுத் தெருவில் டிராம் மணி கேட்டால் தாராளமாகக் குறையுங்கள்.

கைபேசி ஒலிபெருக்கியில் கேட்பது

கூடவே கூடாது. கதவுக்கு அப்பால் இருக்கும் குரல் அதில் செத்துவிடும்.

பின்னணி இசையில் மயங்குவது

இசை நின்ற பிறகும் பயம் மிஞ்சுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முரண்பாட்டைக் கண்டதும் சிவப்பு மை

"அக்கா, தாத்தாவைக் காப்பாத்தியாச்சுன்னா இவ எதுக்காகத் திரும்பிப் போனா? லாஜிக் இல்லையே?" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்த நாடகம் எந்த விதியில் ஓடுகிறது? கடந்த காலத்தை மாற்றவே முடியாது, போய்வந்ததும் ஏற்கெனவே நடந்ததுதான் என்பது ஒரு விதி. மாற்றினால் புதிய கிளை பிரியும், பழையது அப்படியே இருக்கும் என்பது இன்னொன்று. ஒரே கோடு அழிந்து திருத்தி எழுதப்படும் என்பது மூன்றாவது. போன காரணத்தையே அந்தப் பயணம் அழித்துவிடும் சிக்கல், 'தாத்தா முரண்' என்பார்கள், தொல்லை கொடுப்பது மூன்றாவதில்தான். அவள் கேட்ட நாடகம் கிளை பிரியும் வகை, இரண்டாம் காட்சியிலேயே அதைச் சொல்லியும்விட்டார்கள். நாம் வேறெங்கோ படித்த விதியை அதன்மேல் திணிக்க முடியாது. தான் வைத்த விதியைக் கடைசி ஐந்து நிமிடத்தில், முடிவு இனிக்க வேண்டுமென்பதற்காக உடைக்கிற நாடகத்துக்குத்தான் சிவப்பு மை. அங்கே இரக்கமே காட்டாதீர்கள்.