‘நமக்குத் தெரிஞ்ச பையன்தானுங்க’: விடுதிகளும் காப்பகங்களும் சறுக்கும் இடங்கள்

நாமக்கல் விடுதிப் பள்ளியோ, திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியோ, கோவை முதியோர் இல்லமோ, ஆள் எடுக்கும்போது கேட்கும் வாக்கியம் ஒன்றுதான்: “நமக்குத் தெரிஞ்ச பையன்தானுங்க.” முதல் தவறு இதுவே. குழந்தைகளிடம் அத்துமீறுபவர் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான்.

குழந்தைகள் தங்கும் இடங்களில் ஊழியர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதையும் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும். ஆனால் சான்று கைக்கு வந்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது. வழக்குப் பதிவாகாதவர் அதில் சுத்தமாகத்தான் தெரிவார். முன்பு வேலை பார்த்த இடத்துக்கு நிர்வாகியே போன் செய்து, “மறுபடியும் இவரை விடுதி வேலைக்கு எடுப்பீங்களா?” என்று கேட்கட்டும். தயங்கினாலே விசாரிக்க ஏதோ இருக்கிறது.

அடுத்தது, தனிமை கிடைக்கும் இடங்களை விட்டுவிடுவது. கேமரா வாசலில் இருக்கும். ஆபத்தோ உடம்பு சரியில்லாதவர்களைப் படுக்க வைக்கும் அறையிலும் ஸ்டோர் ரூமிலும். கதவில் கண்ணாடி வையுங்கள், சாவி யாரிடம் என்று எழுதி வையுங்கள். பள்ளி வேனில் ஆயா பாதி வழியில் தன் வீட்டருகே இறங்கிக்கொள்வது சகஜம். அதன்பிறகு கடைசி நிறுத்தக் குழந்தை டிரைவருடன் தனியாகப் போகிறது. கடைசிக் குழந்தை இறங்கும்வரை ஆயா வேனில் இருக்க வேண்டும். வார்டன் ஒரு பிள்ளைக்கு மட்டும் ரீசார்ஜ் செய்வதும், இரவில் வாட்ஸ்அப்பில் பேசுவதும் பாசம் என்று கடந்துபோகிற விஷயமல்ல.

மிகப் பெரிய தவறு, புகார் வந்ததும் நாமே விசாரித்துப் பார்ப்பது. ‘பள்ளி பேர் கெட்டுடும், பெரியவங்களை வச்சுப் பேசி முடிச்சுக்கலாம்’ என்பதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் போக்சோ 19-ஆவது பிரிவின்படி காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் சொல்லியே ஆக வேண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பெண் ஊழியர்களின் பாலியல் தொல்லைப் புகாருக்கான உள்ளகக் குழு இதற்கு மாற்று ஆகாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம்.

குழந்தை சொன்னதை ஒருவர் மட்டும் கேட்டு, அதே வார்த்தைகளில் தேதி, நேரத்தோடு எழுதட்டும். “அப்புறம் என்னாச்சு கண்ணு?” என்பது போதும், “அவர் இப்படிச் செஞ்சாரா?” என்று நாமே எடுத்துக் கொடுத்தால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். புகாருக்கு ஆளானவர் எதிரே குழந்தையை நிறுத்தவே கூடாது. சம்பவம் புதியது என்றால் குளிக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். உடுத்திய துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும்.

பெரியவர்கள் விஷயத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. பேச்சு வராதவர் திடீரென்று குளிக்க மறுத்தால் ‘அடம்’ என்று நோட்டில் எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்த நாள், யார் டியூட்டி, உடம்பில் எங்கே கன்றியிருக்கிறது என்று சேர்த்து எழுதினால் ஒரே ஆளின் ஷிப்ட் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். மாற்றுத்திறனாளி துன்புறுத்தப்பட்டால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவின்படி நிர்வாக நடுவரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567. இந்த எண்களை ஆபீஸ் சுவரில் அல்ல, கட்டிலில் படுத்திருப்பவர் கண்ணுக்குப் படுகிற இடத்தில், பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். வடமாநிலத்தவர் தங்கும் விடுதி என்றால் இந்தியிலும் ஒடியாவிலும்.